பொங்கல் வாரத்தில் மும்பை ஹாஃப்: ஓடுவதா, சாப்பிடுவதா, தூங்குவதா?

மடிப்பாக்கம்_மல்லி
ஞாயிறு, இரவு 9:10

அடுத்த ஞாயிறு, ஜனவரி 19, மும்பை மாரத்தானில் ஹாஃப் (அரை மாரத்தான், 21.1 கி.மீ.) ஓடுகிறேன். பந்தயம் ஜனவரி மூன்றாம் ஞாயிறு என்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு, பந்தயத்துக்கு முன் ஓட்டத்தைக் குறைக்கும் டேப்பர் வாரமும் பொங்கல் வாரமும் ஒன்றின் மேல் ஒன்று வந்து விழும். நாளை போகி, செவ்வாய் பொங்கல், புதன் மாட்டுப் பொங்கல், வியாழன் காணும் பொங்கல். வியாழன் மாலை ரயில் ஏறினால் வெள்ளி மாலை மும்பை. சனிக்கிழமை எக்ஸ்போவில் பிப் (பந்தய எண் அட்டை) வாங்க வேண்டும். வெள்ளியும் விடுமுறை என்று அரசு அறிவித்துவிட்டதால் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுக்கும் வேலை மிச்சம்.

வயது 44. வாரத்துக்கு 35 கி.மீ. அளவில் ஓடுகிறவள். மார்கழி முழுக்க பயிற்சி நன்றாகவே போனது. 5ஆம் தேதி சென்னை மாரத்தானிலும் ஹாஃப்தான், ஆனால் அதைப் பந்தயமாக எடுத்துக்கொள்ளாமல் லாங் ரன்னாகவே ஓடி 2:27ல் முடித்தேன். மும்பையில் 2:15 வேண்டும், அதாவது கி.மீ.க்கு 6 நிமிடம் 24 நொடி (6:24) பேஸ்.

குழப்பம் இதுதான். இந்த வாரம் எவ்வளவு ஓடலாம்? வீட்டில் சர்க்கரைப் பொங்கல், வடை எல்லாம் இருக்கும்போது என் சாப்பாடு என்ன? ஒரு முழு நாள் ரயிலில் உட்கார்ந்து போய் மறுநாளைக்கு மறுநாள் ஓடினால் கால் என்ன ஆகும்? அப்புறம் அந்த பெடர் ரோடு ஏற்றம். மும்பையில் ஓடியவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள்.

பரங்கிமலை_படி
ஞாயிறு, இரவு 9:48

முதலில் நாளைக் காலை விஷயம். வெளியே ஓடாதீர்கள் அம்மா. பழைய பாய், தலையணையோடு டயரையும் கொளுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தை மாத வாக்கில் விடிகாலைக் காற்று அசையாது, புகை மேலே போகாமல் தரையோடு நிற்கும். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து நம் விமான நிலையத்தில் விமானம் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பி விட்டார்கள். விமானமே இறங்காத காற்றை நீங்கள் லிட்டர் லிட்டராக இழுத்து விடப் போகிறீர்களா? மாஸ்க் போட்டு ஓடுகிறேன் என்று யாராவது வருவார்கள், அதையும் கேட்காதீர்கள். நாளை மாலை காற்று வந்த பிறகு ஓடுங்கள், இல்லையென்றால் ஓய்வு.

பெடர் ரோடு பற்றி: நான் முழு மாரத்தானில் அதைக் கடைசிக் கட்டத்தில் சந்தித்தவன். ஹாஃபில் உங்களுக்குப் பாதி தாண்டிய பிறகு வரும், கால் அவ்வளவு செத்திருக்காது. செங்குத்தெல்லாம் இல்லை. நம்மில் பலருக்கு கத்திப்பாரா மேம்பாலத்துக்கு மேல் ஏற்றம் தெரியாது, அதனால்தான் அது மலையாகத் தோன்றுகிறது. ஹாஜி அலி தாண்டியதும் தொடங்கும். அங்கே கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பேஸ் 7:00க்கு இறங்கினாலும் விடுங்கள், மூச்சு மட்டும் அதே அளவில் இருக்கட்டும். கெம்ப்ஸ் கார்னர் பக்கம் இறங்கும்போது தானாகக் கொஞ்சம் திரும்பி வரும்.

கோவை_வேகம்
ஞாயிறு, இரவு 10:15

அக்கா, 2:15 வேண்டுமென்றால் பண்டிகையை மறந்துவிடுங்கள். வியாழனிலிருந்தே ஒழுங்காக கார்போ லோடிங், அதாவது உடம்பில் மாவுச்சத்தை ஏற்றுவது. சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு எட்டு பத்து கிராம் மாவுச்சத்து என்று கணக்குப் போட்டுச் சாப்பிட வேண்டும். நெய், முந்திரி கிட்டவே போகாதீர்கள். ரயில் வேண்டவே வேண்டாம். விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் போகிற ஊருக்கு ஒரு நாள் எதற்கு? நான் கோவை மாரத்தானுக்கு டிசம்பரில் இப்படித்தான் தயாரானேன், நேரத்தில் நல்ல முன்னேற்றம்.

பரங்கிமலை_படி
ஞாயிறு, இரவு 10:22

தம்பி, கோவை மாரத்தானுக்கு நீங்கள் காந்திபுரத்திலிருந்துதானே வந்தீர்கள்?

கோவை_வேகம்
ஞாயிறு, இரவு 10:24

பீளமேடு சார். ஆனால் விஷயம் அதில்லை.

பிசியோ_பாரதி
திங்கள், காலை 7:05

கணக்கு என்று வந்ததால் நானும் ஒரு கணக்கு போடுகிறேன். ஓடும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கி.மீ.க்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். மல்லி அக்கா 62 கிலோ என்று வைத்துக்கொண்டால் 21.1 கி.மீ.க்கு 1,300 சொச்சம். நம் தசைகளில் கிளைகோஜன் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) 400 கிராம் வாக்கில், கல்லீரலில் 100 கிராம் வாக்கில் இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும். கிராமுக்கு நான்கு கிலோகலோரி என்றால் 2,000. ஓடுகிற தசைக்கு அதில் எல்லாமே கிடைக்காது என்றாலும், செலவில் ஒரு பகுதியைக் கொழுப்பு பார்த்துக்கொள்ளும். ஆக ஹாஃபுக்கு டேங்க் வழியும் வரை ஊற்ற வேண்டியதில்லை. கோவைத் தம்பி சொல்லும் அளவு முழு மாரத்தானுக்கானது. வெள்ளி, சனி இரண்டு நாளும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடச் சோறு, இட்லி, குறைவான காய், குறைவான எண்ணெய். அவ்வளவு போதும்.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும் சர்க்கரைப் பொங்கலுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கும் பகையே இல்லை. ஐந்து நாள் இடைவெளி இருக்கிறது, தாராளமாகச் சாப்பிடுங்கள். நெய் பிரச்சினை சனிக்கிழமை ராத்திரிக்குத்தான், கொழுப்பு வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும்.

எடை மெஷினில் சனிக்கிழமை ஒரு கிலோ கூடக் காட்டினால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும்.

டேப்பருக்கு விதி எளிது: தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். ஒரு நாள் பந்தய பேஸில் இரண்டு மூன்று கி.மீ. மற்றதெல்லாம் ஈஸி, அதாவது மெதுவோட்டம்.

ஸ்கார்பரோ_பனி
திங்கள், காலை 8:31

ஜனவரிப் பந்தயம் என்றதும் குளிர்காலப் பயிற்சியாக்கும் என்று ஓடி வந்தேன். 22 டிகிரியைக் குளிர் என்கிற ஊர் ஆக்களோடு நான் என்னத்தைக் கதைக்கிறது? இங்கே ரொறன்ரோவில் இப்போது வெளியே மைனஸ் 12. கண் இமையில் மூச்சு உறைந்து ஒட்டும். சப்பாத்துக்குக் கீழே கம்பிச்சுருள் மாட்டித்தான் பனிக்கட்டி மேலே ஓடுகிறேன். உடுப்பில் ஒரு கணக்கு இருக்கிறது: வெளியே பத்து டிகிரி கூட என்று நினைத்து உடுத்த வேண்டும், முதல் கிலோமீட்டர் நடுங்கினால்தான் பிறகு சரியாக இருக்கும். பருத்தி மட்டும் கூடாது. வியர்வை குடித்து உறைந்துவிடும்.

மார்ச்சில் ஹாமில்டனில் 30 கி.மீ. 'அரவுண்ட் த பே' இருக்கிறது. 1894இல் தொடங்கியது, பொஸ்டன் மரதனுக்கே மூன்று வயது மூப்பு. அதுக்குத்தான் இந்தக் கூத்து.

தங்கச்சி, உங்களுக்கு என் ஒரே ஆலோசனை நித்திரை. பந்தயத்துக்கு முதல் நாள் இரவு யாருமே ஒழுங்காகப் படுக்கிறதில்லை. இரண்டரை மூன்று மணிக்கு எழும்ப வேண்டும் என்ற நினைப்பே தூங்க விடாது. அதனால் வெள்ளி இரவுதான் உங்களுக்கு உண்மையான இரவு, அதைக் காப்பாற்றுங்கோ.

மாதுங்கா_மாமி
திங்கள், பகல் 12:40

மும்பையில் எங்கே தங்கல்? சிஎஸ்டி ரயில் நிலையம் பக்கம் லாட்ஜ் போட்டுவிடாதே. முழு மாரத்தான்தான் அங்கே ஆரம்பம், ஹாஃப் மாஹிம் ரேதி பந்தரில் தொடங்கும். எங்கள் மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தங்கினால் மாஹிம் கிட்டத்தில். சாப்பாட்டுக்கும் கவலையே வேண்டாம், திரும்பின பக்கமெல்லாம் இட்லிக் கடை. தாராவியிலும் பொங்கல் ஜோராக நடக்கும், நீ வரும்போது முடிந்திருக்கும்.

மாரத்தான் அன்று விடிகாலையில் மேற்கு ரயில்வே சிறப்பு லோக்கல் விடுவது வழக்கம், நேரத்தை இரண்டு நாள் முன்னாடி பேப்பரில் போடுவார்கள். டாக்ஸியை நம்பினால் ஒரு கி.மீ. முன்னாலேயே இறக்கி விடுவான், சாலை மூடியிருக்கும்.

இன்னொன்று, மாஹிம் காஸ்வேயில் கழிமுக நாற்றம் மூக்கைத் துளைக்கும். வரிசையில் நிற்கும்போது வயிற்றைப் புரட்டினால் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே.

மடிப்பாக்கம்_மல்லி
செவ்வாய், காலை 10:20

எல்லாருக்கும் இனிய பொங்கல் வாழ்த்துகள். மாமி, மாதுங்காவிலேயே அறை போட்டாயிற்று. லாட்ஜ்காரர் தமிழில் பேசியது பாதி டென்ஷனைக் குறைத்துவிட்டது.

நேற்று காலை ஓடவில்லை. எழுந்து பால்கனிக் கதவைத் திறந்தபோதே தொண்டை கரித்தது. மாலையில் 5 கி.மீ. ஈஸி. இன்று பொங்கல் பொங்குமுன் வேளச்சேரிப் பக்கம் 7 கி.மீ., நடுவில் மூன்று கி.மீ. 6:20ல். சாலையில் ஆளே இல்லை. பாதி சென்னை ஊருக்குப் போய்விட்ட இந்த நான்கு நாள்தான் நகரத்துக்குள் ஓடச் சரியான நாட்கள் என்பது என் கட்சி.

சர்க்கரைப் பொங்கல் இரண்டு கிண்ணம். கோவைத் தம்பி மன்னிக்கவும்.

கோவை_வேகம்
செவ்வாய், காலை 10:41

நானும் சாப்பிட்டேன் அக்கா. எனக்கு இந்த மாதம் பந்தயம் இல்லை. ஆனால் ரயில் விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். அவ்வளவு நேரம் உட்கார்ந்தால் இடுப்பும் தொடையும் இறுகிவிடும். ரயில் சாப்பாடு, ரயில் தண்ணீர், ரயில் கழிவறை, வயிறு கெட்டால் மூன்று மாதப் பயிற்சி போச்சு.

பிசியோ_பாரதி
செவ்வாய், பகல் 2:15

உட்கார்ந்தால்தானே இறுகும்? ரயிலில் காலை நீட்டிப் படுக்கலாம், எழுந்து பெட்டிக்குப் பெட்டி நடக்கலாம். விமானத்தில் நேரம் குறைவு, உண்மை. ஆனால் இந்த வாரக் கடைசியில் விமான நிலையத்துக்குப் போவது, வரிசை, இறங்கி ஊருக்குள் போவது எல்லாம் சேர்த்தால் அரை நாள் நின்றபடியே போய்விடும். என்னைக் கேட்டால், பந்தயத்துக்கு முன்பு ரயில், முடிந்த பிறகு விமானம். வெள்ளி மாலை போய்ச் சேர்ந்துவிட்டால் நடுவில் ஒரு முழு நாள் இருக்கிறது. சனிக்கிழமை காலை இருபது நிமிட ஈஸி, நான்கைந்து ஸ்ட்ரைட்ஸ் (சில நொடி வேக ஓட்டம்), கால் அவிழ்ந்துவிடும்.

வயிற்று விஷயத்தில் தம்பி சொல்வது சரி. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள்.

மடிப்பாக்கம்_மல்லி
வியாழன், இரவு 8:50

ரயிலிலிருந்து எழுதுகிறேன். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு டப்பா, தயிர் சாதம் ஒரு டப்பா, வாழைப்பழம். தயிர் சாதம் இன்று ராத்திரியோடு முடிய வேண்டும், இட்லி நாளைக் காலைக்கு. அதற்குப் பிறகு வழியில் வரும் சோலாப்பூர் ஸ்டேஷன்தான் காப்பாற்ற வேண்டும்.

காலையில் பெசன்ட் நகரில் 4 கி.மீ. மெரினாவுக்குப் போகவில்லை. காணும் பொங்கலுக்குத் தடுப்புக் கம்பிகள் எல்லாம் வைத்திருப்பார்கள், கூட்டம் வருமுன்னே இடம் மாறிவிடும்.

எதிர் பெர்த்தில் ஒரு பெரியவர், பையிலிருந்த ஷூவைப் பார்த்துவிட்டு, "ஓடுறதுக்கா பம்பாய்க்குப் போறே? இங்க இடமில்லையா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் ஒரு இட்லி கொடுத்தேன்.

ஸ்கார்பரோ_பனி
வெள்ளி, காலை 6:12

அவர் கேட்டது நியாயமான கேள்விதானே!

மடிப்பாக்கம்_மல்லி
சனி, மாலை 5:30

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்து காலை ஆறு வரை தூக்கம். ஸ்கார்பரோ அண்ணாவுக்கு நன்றி. லோனாவாலா இறக்கத்தில் கதவோரம் நின்றபோது காற்று நன்றாகச் சில்லென்று இருந்தது, மும்பையில் இறங்கியதும் அது காணாமல் போய்விட்டது. இந்த ஊரில் காற்று கனமாக இருக்கிறது, புழுதியும் உண்டு.

காலையில் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களைச் சுற்றி இருபது நிமிடம். கால் கட்டையாகத்தான் இருந்தது, நான்காவது ஸ்ட்ரைடில் சரியானது. பாரதி சொன்னது அப்படியே.

எக்ஸ்போ பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில். பிப் வாங்கப் பத்து நிமிடம், வெளியே வர ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு கடையிலும் ஷூ, ஓடும்போது சாப்பிடும் மாவுச்சத்து ஜெல், பட்டை, மசாஜ் துப்பாக்கி. நின்று நின்று குதிகால் வலித்ததுதான் மிச்சம். போகிறவர்கள் வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள். இன்று நான் செய்த அதிகப்படி நடை மொத்தமும் அங்கேதான்.

ராத்திரிக்கு ரசம் சாதம், உருளைக்கிழங்கு. ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டரைக்கு விளக்கணைப்பு. பார்ப்போம்.

பிசியோ_பாரதி
சனி, மாலை 6:02

கடைசியாக இரண்டு. தண்ணீர் ஒவ்வொரு மேசையிலும் குடித்தே ஆக வேண்டும் என்றில்லை, தாகம் எடுத்தால் குடியுங்கள். மெதுவாக ஓடுகிறவர்கள்தான் அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கி மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். உடலில் நீர் குறையும்போது அது சிறுநீரகத்துக்குச் சுமை. பழகிய ஜெல் ஒன்றை ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பு, தண்ணீரோடு.

மடிப்பாக்கம்_மல்லி
ஞாயிறு, பகல் 1:15

2:16:38.

இலக்கு தவறியது, ஆனால் என்னுடைய சிறந்த நேரம். விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நிறைய நேரம் இருக்கிறது, நீளமாகவே எழுதுகிறேன்.

மூன்றுக்கு எழுந்து ஒரு வாழைப்பழம், ரெண்டு துண்டு பிரெட், கறுப்புக் காப்பி. மாமி சொன்னதுபோலவே டாக்ஸி பாதியில் இறக்கிவிட்டது. இருட்டில் பிப் குத்திய ஆட்கள் எல்லாத் தெருவிலிருந்தும் ஒரே பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள், வழி கேட்கவே வேண்டியதில்லை. நாற்றமும் மாமி சொன்னபடியே. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற குஜராத்திப் பெண்கள் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள்.

ஐந்து மணிக்குத் துப்பாக்கி. எங்கள் பிரிவு கோட்டைத் தாண்ட ஏழெட்டு நிமிடம் ஆனது, நாம் கோட்டைத் தாண்டும்போது தொடங்கும் சிப் நேரம்தான் கணக்கு என்பதால் கவலையில்லை. முதல் இரண்டு கி.மீ. ஓட இடமே இல்லை. இடித்துக்கொண்டும் விலகிக்கொண்டும் போனதில் 6:50, 6:41. வெட்டி வெட்டி முந்தாமல் விட்டேன்.

அப்புறம் பாந்த்ரா-வர்லி கடல் பாலம். 5.6 கி.மீ. நீளம். சாதாரண நாளில் இருசக்கர வண்டிகூட ஏற முடியாது, நடக்கவும் கூடாது. அதில் இருட்டில், கடலுக்கு நடுவில், ஆயிரக்கணக்கான ஷூ தரையில் படும் சத்தம் மட்டும். யாரும் பேசவில்லை. மேலே கம்பி வடங்களில் விளக்கு, கீழே ஒன்றும் தெரியாத கறுப்பு. பாலத்தின் நடுவில் காற்று அடித்தது, இந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த உண்மையான குளிர் அந்த இரண்டு கி.மீ.தான். 6:18, 6:20 என்று தானாகப் போனது.

வர்லியில் பாலம் இறங்கியதும் காற்று நின்றது, வியர்வை கொட்டியது. ஜெல் எடுத்தேன். ஹாஜி அலி பக்கம் லேசாக வெளுக்கத் தொடங்கியது. அடுத்து பெடர் ரோடு. பரங்கிமலை சார், கடிகாரத்தை ரிஸ்ட்பேண்டுக்குள் தள்ளி மறைத்தே விட்டேன். ஏற்றம் நீங்கள் சொன்ன அளவுதான். ஆனால் இரண்டு பக்கமும் வீட்டுக்காரர்கள் நின்று ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட், வேர்க்கடலை பர்ஃபி நீட்டுகிறார்கள். ஒரு பாட்டி நைட்டியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்து தட்டில் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தார். நடக்கத் தோன்றவே இல்லை. பிறகு பார்த்தால் ஏற்றத்தில் 6:55.

நேரம் போனது மெரின் டிரைவில். யாரும் அதைச் சொல்லவில்லையே! நேராக, தட்டையாக, முடிவு கண்ணுக்குத் தெரியாத வளைவு. நன்றாக விடிந்துவிட்டது, தொடை இறுகிவிட்டது. மெரினாவில் வருடக்கணக்காக ஓடுகிறவளுக்கு இது பழகிய தரைதான், ஆனால் 17 கி.மீ.க்குப் பிறகு மெரினாவிலும் நான் வேகமாக ஓடிப் பார்த்ததில்லை. 6:40, 6:45. பேண்ட் வாசித்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள், ஒன்றும் உதவவில்லை. சர்ச்கேட் பக்கம் திரும்பிய பிறகுதான் கால் மீண்டும் எழுந்தது.

பரங்கிமலை_படி
ஞாயிறு, பகல் 2:30

அருமை! நான் ஏற்றத்தை மட்டும் சொன்னேன், மெரின் டிரைவை விட்டுவிட்டேன். முழு மாரத்தானில் அங்கே வரும்போது எனக்குச் சுயநினைவே குறைவு.

முதல் இரண்டு கி.மீ. நெரிசலில் போன நாற்பது நொடியும் கடைசியில் போன நேரமும் சேர்ந்தால் உங்கள் 2:15 அதற்குள்ளேயே இருக்கிறது. அடுத்த மார்கழியில் லாங் ரன்னின் கடைசி ஐந்து கி.மீ.யைப் பந்தய பேஸில் ஓடுங்கள். மேம்பாலம் தேடி அலைய வேண்டாம்.

கோவை_வேகம்
ஞாயிறு, பகல் 2:44

வாழ்த்துகள் அக்கா! ஆனால் கடைசி நான்கு கி.மீ. தொடை இறுகியது ரயிலால்தான் என்று நான் சொன்னால் அடிக்க வருவீர்களா?

பிசியோ_பாரதி
ஞாயிறு, பகல் 3:10

சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் எக்ஸ்போவில் நின்றதைச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். ரயிலைச் சொன்னால் நானே வருவேன்.

மல்லி அக்கா, நாளையும் மறுநாளும் நடை மட்டும். புதன் அல்லது வியாழன் ஒரு ஈஸி. சனிக்கிழமை வரை வேகமே வேண்டாம், சென்னை ஹாஃபின் களைப்பும் உள்ளே இருக்கும்.

ஸ்கார்பரோ_பனி
ஞாயிறு, இரவு 11:20

வாழ்த்துகள் தங்கச்சி. இங்கே இன்று 22 கி.மீ. ஓடப் போய், போத்தலில் தண்ணி உறைந்து, கடைசி ஏழு கி.மீ. வாய் நனைக்கவும் வழியில்லாமல் வந்தேன். போத்தலைத் தலைகீழாக வைத்தால் மூடிப் பக்கம் கடைசியாகத்தான் உறையும் என்று இப்போதுதான் ஒருத்தர் சொல்கிறார்.

வேலூர்_வெயில்
திங்கள், காலை 9:05

முழு இழையும் படித்தேன். அடுத்த வருடம் நானும் மனைவியும் ஹாஃப் போட யோசிக்கிறோம். ரயிலா, விமானமா என்று ஒரு முடிவு சொல்லுங்களேன். பிப் வெள்ளிக்கிழமையே வாங்க முடியுமா?

மடிப்பாக்கம்_மல்லி
திங்கள், மாலை 6:40

பள்ளியில் மாடிப்படி இறங்கப் பக்கவாட்டில்தான் முடிந்தது, பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு.

ரயில்தான் சார், ஆனால் ஒரு நாள் முன்னாலேயே கிளம்புங்கள். வெள்ளிக் காலை மும்பையில் இருந்தால் அன்றே பிப் வாங்கிவிடலாம், சனிக்கிழமை அறையில் படுத்துக் கிடக்கலாம். பந்தயத்தன்று பிப் தர மாட்டார்கள், மறந்தும் அதை நம்பிப் போகாதீர்கள். கீழ் பெர்த் கேளுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். திரும்பும்போது விமானம், இருக்கை நடைபாதை ஓரமாக இருக்கட்டும், காலை நீட்ட வேண்டியிருக்கும். மாதுங்கா அறைக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள்.